யார் தோலில் சோதனை?

மட்டக்களப்பு வாவிக் கரையில் கண்ணாவும் கண்டலும் வளரும் உவர்நிலத்தில் தில்லை மரமும் நிற்கும். அதன் கொப்பை முறித்தால் வெண்பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கண்ணில் பட்டால் பார்வை மறையும். வாவியில் மீன்பிடிக்கப் போகிறவருக்கும் விறகு வெட்டப் போகிறவருக்கும் இது தெரிந்த சேதி. எந்த ஆய்வுகூடமும் அளந்து சொன்னதன்று. என்றோ ஒருநாள் எவரோ ஒருவரின் கண் எரிந்திருக்கும். அவர் துடித்ததைப் பக்கத்தில் நின்றவர் பார்த்திருப்பார், வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார். பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஒருவர் பட்ட வேதனை ஊர் முழுவதற்கும் எச்சரிக்கையாயிற்று.

ஒரு பொருள் தோலைச் சுடுமா, கண்ணைக் கெடுக்குமா என்று அறிய மனிதரிடம் இருந்த மிகப் பழைய வழி இதுதான். விலை கொடுத்தவர் ஒருவர், பயன் பெற்றவர் எல்லோரும். கொடூரமான வழிதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. மரமும் மரத்தைப் பற்றிய அறிவும் ஒரே மண்ணில் சேர்ந்து வளர்ந்தன. தில்லையின் அருகே வாழ்கிறவர்தாம் தில்லையை அறிந்தவர். ஆபத்து எங்கே இருந்ததோ, அங்கேயே அதைப் பற்றிய அறிவும் இருந்தது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் இருக்கிறது கரடியனாறு. உறுகாமம் குளத்தை அண்டிய நெல்வயல்களின் நாடு இது. மாரி மழை தொடங்கி விதைப்பு முடிந்ததும் வட்டைகளில் மருந்து விசிறுவது ஆரம்பமாகும். முதலில் களைநாசினி, பிறகு பூச்சிக்கு, அதன் பிறகு எரிபந்த நோய்க்கு. பதினாறு லீற்றர் தாங்கியை முதுகில் ஏற்றி, சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடப்பார்கள். போத்தலில் வரும் அந்தப் பொருளுக்கு இந்த மண்ணில் வேர் இல்லை. அதைப் பற்றி எந்த முப்பாட்டனும் எந்தப் பேரனுக்கும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. ஒரு போகத்தில் பழகிய பெயர் அடுத்த போகத்தில் கடையில் இல்லை. புதுப் பெயர் வந்திருக்கும். பொருள் வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை.

அந்த அறிவு இல்லாமல் இல்லை. உலகில் எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில், மிகுந்த பாடுபட்டு, பெரும் செலவில், பல உயிர்களை வருத்தி அது திரட்டப்பட்டிருக்கிறது. அது எப்படித் திரட்டப்பட்டது, எங்கே தங்கிப்போனது என்பதைத்தான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோலைச் சுடுவதென்றால் உடம்புக்குள் நடப்பது என்ன? நம் தோலின் மேற்படை இறந்த உயிரணுக்களால் ஆனது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினைந்து இருபது அடுக்கு. செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய சுவர் போல, அணுக்களுக்கு நடுவே கொழுப்புப் பொருள் நிறைந்திருக்கும். இத்தனையும் சேர்ந்தும் அதன் தடிப்பு உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. வெளியுலகுக்கும் நம் குருதிக்கும் நடுவே நிற்பது அவ்வளவுதான். சவர்க்காரத் தன்மையுள்ள பொருள்களும் கரைப்பான்களும் அந்தச் சாந்தை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. கடும் அமிலமும் கடும் காரமும் கல்லையே உடைக்கின்றன.

அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து கெட்டியாகிறது. அந்தக் கெட்டித்த படையே அமிலம் மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுத்துவிடும். காரம் அப்படி நிற்காது. கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, புரதத்தைக் கரைத்து, தனக்குத் தானே வழி வெட்டிக்கொண்டு ஆழ இறங்கிக்கொண்டே போகும். ஈரச் சீமெந்தில் நாள் முழுவதும் முழங்காலிட்டு வேலை செய்கிறவருக்கு மாலைவரை பெரிதாக வலி தெரியாமல், வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரிவதும் இதனால்தான். நம் வீடுகளில் வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பும் இந்த இனத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புப் பொதியைச் சின்னப் பிள்ளை கையில் வைத்து அழுத்த, அது பிதுங்கிக் கண்ணில் தெறிப்பது தெற்காசியாவின் கண் வைத்தியர்கள் நன்கறிந்த விபத்து. ஒரு துளிதான். பல பிள்ளைகளின் பார்வையை அது பறித்திருக்கிறது.

கண் தோலைவிட எளிதில் கெடுவது. கருவிழிக்கு முன்னால் இருக்கும் விழிவெண்படலத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவு. ஒளி தடையின்றிப் போக வேண்டுமென்பதால் அதற்குள் குருதிக் குழாய்களே இல்லை. அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக ஓர் உயிரணுப் படை இருக்கிறது. படலத்துக்குள் நீர் தேங்காமல் இறைத்து வெளியேற்றுவது அதன் வேலை; அந்த வேலையால்தான் படலம் தெளிவாக இருக்கிறது. மனிதரில் இந்த அணுக்கள் மீண்டும் பெருகுவதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கணக்கு. கெட்டவை கெட்டவையே. அந்தப் படை பெரிதாகச் சிதைந்தால் கண் மங்கும், மங்கியது தானாகத் தெளியாது.

இனி இதை அளந்த வரலாறு. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் இமைமயிருக்குப் பூசும் ஒரு சாயம் விற்பனையில் இருந்தது. பெயர் லாஷ் லூர். அதைப் பூசிய பெண்கள் பலரின் கண்கள் புண்ணாயின. சிலர் பார்வையை முற்றாக இழந்தார்கள். ஒருவர் உயிரையும் இழந்தார். அந்நாட்டுச் சட்டத்தில் அழகுசாதனப் பொருளைத் தடுக்க அப்போது இடமில்லை. புதிய சட்டம் 1938இல் வந்தது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோன் டிரெய்ஸ் தம் சகாக்களோடு 1944இல் அதை வெளியிட்டார். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலீற்றர் பொருளை விடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைப்பார்கள். ஒரு மணி நேரம், ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று பார்த்துப் புள்ளியிடுவார்கள். மொத்தம் 110 புள்ளி, அதில் 80 விழிவெண்படலத்துக்கு. இருபத்தொரு நாள் ஆகியும் ஆறாவிட்டால் அது மீளாச் சேதம். தோலுக்கு வேறு முறை: மயிர் மழித்த இடத்தில் அரை மில்லிலீற்றர் பொருளை நான்கு மணி நேரம் ஒட்டிவைத்து, பதினான்கு நாள்வரை கவனிப்பது.

அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். இனியொரு பெண் கண்ணாடி முன் நின்று தன் கண்ணை இழக்கக் கூடாது என்பதற்காக எழுந்த முறை அது. ஆனால் விலை இடம் மாறியதே தவிர மறையவில்லை. பேச முடியாத உயிரிடம் அது போய்ச் சேர்ந்தது. அந்த உயிர் கொடுத்த பதிலும் முழுமையான பதிலன்று. முயலுக்குக் கண்ணீர் குறைவு. மூன்றாவது இமை ஒன்றும் உண்டு. அதன் விழிவெண்படலம் நம்முடையதைவிட மெல்லியது. இன்னும் முக்கியமாக, அதன் உட்படை அணுக்கள் மீண்டும் பெருகும். நமக்கு ஆறாதது அதற்கு ஆறும். அளக்கும் கண்ணிலும் குழப்பம் இருந்தது. ஒரே பொருள்களைப் பல ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்துப் பார்த்த வெயில், ஸ்காலா என்னும் இருவர், ஓரிடத்தில் எரிச்சலே இல்லை என்று முடிவான பொருள் இன்னோரிடத்தில் கடுமையானது என்று முடிவானதை 1971இல் எடுத்துக்காட்டினார்கள்.

ஹென்றி ஸ்பைரா என்பவர் 1980இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ஒரு பெரிய அழகுசாதன நிறுவனத்திடம் கேட்டார். அந்தக் கேள்வி பலருடைய மனத்தைத் தொட்டது. பணமும் மூளையும் மாற்று வழி தேடும் பக்கம் திரும்பின. இன்று சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் மனிதத் தோலிலிருந்து எடுத்த அணுக்களைத் தட்டில் வளர்த்து, மேற்படை உள்ள தோலாகவே உருவாக்குகிறார்கள். அதன்மேல் பொருளை வைத்து, கழுவி, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தை இடுவார்கள். உயிரோடிருக்கும் அணு அதை ஊதாவாக மாற்றும். இறந்த அணுவால் முடியாது. ஊதா நிறத்தின் அடர்த்தியே எத்தனை அணுக்கள் பிழைத்தன என்பதைச் சொல்லிவிடும். பாதிக்கு மேல் இறந்திருந்தால் அது எரிச்சலூட்டும் பொருள். மூன்றே நிமிடத்தில் பாதிக்கு மேல் இறந்தால் அது தோலை அரிக்கும் பொருள். கண்ணுக்கு, இறைச்சிக்காக அறுத்த மாட்டின் விழிவெண்படலத்தை எடுத்து, பொருள் பட்டதும் அது எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறார்கள். இவை எதுவும் செய்வதற்கு முன்பே அமில, கார அளவைப் பார்ப்பார்கள். பீஎச் 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே என்றால் அது அரிக்கும் பொருள் என்றே கொள்ளலாம். உயிரை வருத்திப் பார்க்கத் தேவையில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் வழிகாட்டிகளில் இந்த முறைகள் ஒவ்வொன்றாக இடம்பெற்றுவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இலும் இந்தியா 2014இலும் அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை நிறுத்தின.

மனித அறிவு தன்னைத் திருத்திக்கொண்ட அழகான வரலாறு இது. பெண்ணின் கண்ணிலிருந்து முயலின் கண்ணுக்கு, அங்கிருந்து தட்டில் வளரும் தோலுக்கு. வேதனை படிப்படியாகக் குறைந்து, இறுதியில் வேதனையே உணராத திசுவிடம் சோதனை வந்து சேர்ந்திருக்கிறது. வரலாறு இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாக மூச்சுவிடலாம்.

கரடியனாற்று வயலை நினைத்துக்கொண்டு இதையே மீண்டும் படித்தால் அந்த நிம்மதி குலைகிறது.

ஆய்வுகூடத்தில் பொருள் படுவது காயமில்லாத தோலில். வயலில் இறங்குகிறவரின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறது. நெற்தாள் கீறிய கோடுகள் கெண்டைக்காலில் இருக்கின்றன. ஆய்வுகூடத்தில் நான்கு மணி நேரம், பிறகு கழுவிவிடுவார்கள். வயலில் தாங்கியின் மூடியிலிருந்து கசிந்தது முதுகு வழியே இறங்கிச் சாரத்தின் மடிப்பில் ஊறுகிறது. வேலை முடிந்து, கூலி வாங்கி, வீட்டுக் கிணற்றடிக்கு வரும்வரை அந்தச் சாரம்தான் இடுப்பில். நனைந்து சூடேறிய தோல் உலர்ந்த தோலைவிட அதிகம் உறிஞ்சும். இடுப்புக்குக் கீழே உள்ள மென்தோல் முன்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஆய்வுகூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பொருள். வயலில் கூலிச் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு மூன்றை ஒரே தாங்கியில் கலக்கிறார்கள். விசிறும் முனையில் அடைப்பு வந்தால் வாயால் ஊதி எடுக்கிறவர்களும் உண்டு. நெற்றி வியர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்கப் போகும் கை அந்தக் கைதான்.

இன்னொன்றும் உண்டு. போத்தலில் இருப்பது நச்சுப் பொருள் மாத்திரமன்று. அது இலையில் ஒட்டவும் பரவவும் வேறு பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். கிளைபோசேற் களைநாசினிகள் பலவற்றில் சேர்த்த பரப்பிழுவிசை குறைக்கும் பொருள் தோலையும் கண்ணையும் எரிச்சலூட்டக்கூடியது. கிளைபோசேற் என்ற மூலப்பொருளையே ஐரோப்பிய இரசாயன முகவரகத்தின் நிபுணர் குழு கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிப்பது என்று வகைப்படுத்தியிருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்த ஆதாரம் போதாது என்று 2017இலும் 2022இலும் சொன்ன அதே குழு, கண்ணைப் பற்றிய எச்சரிக்கையை இரண்டு முறையும் அப்படியே வைத்துக்கொண்டது. இலங்கையில் 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. அந்த ஆண்டுகளிலெல்லாம் சிறுநீரக நோயைப் பற்றிப் பேசினோம், புற்றுநோயைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியவைதாம். ஆனால் நிபுணர்கள் உறுதியாகச் சொன்ன கண் ஆபத்தைப் பற்றிய பேச்சு வயல் வரம்புவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பரகுவாற் என்னும் களைநாசினியின் கதை இன்னும் கசப்பானது. அதன் செறிந்த திரவம் கண்ணில் தெறித்தால் முதலில் சாதாரண எரிச்சலாகவே இருக்கலாம். கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். விழிவெண்படலம் உரிந்து கெடுவது ஒரு நாள் கழித்தோ, அதற்குப் பின்போதான் தெரியவரும். அதோடு பழகிய கைகளில் நகம் நிறம் மாறி, வெடித்து, கழன்று விழும். இலங்கை அதை 2008இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, 2011க்குள் நிறுத்தியது. நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது; பல உயிர்களைக் காத்தது. அந்த முடிவுக்குக் காரணம் அதை உட்கொண்டு இறந்தவர்களின் எண்ணிக்கை. கழன்று விழுந்த நகங்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

நம் கணக்குகளில் மரணம் பதிவாகிறது, எரிவு பதிவாவதில்லை. கரடியனாற்றின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 2010 செப்ரெம்பர் 17 அன்று. வீதிப் பணிக்காகக் கொண்டுவந்து பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த வெடிபொருள் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே நொடியில் வந்த அந்த அழிவை எல்லோரும் கண்டார்கள், காண வேண்டியதுதான். ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தோலிலும் தனித்தனியாக நடப்பதற்குச் சத்தம் இல்லை. கேட்டால், “கொஞ்சம் எரியும், ரெண்டு நாளில சரியாயிரும்” என்று விசிறுகிறவரே சொல்லிவிடுவார். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு மறுநாளும் வயலுக்குப் போவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாட்கூலி போய்விடும்.

சத்தம் கேட்ட இடங்களும் உண்டு. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலர் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மருந்துகள் எல்லாம் சோதிக்கப்பட்டுப் பதிவுபெற்றவை என்று நம்பியே விற்கவும் வாங்கவும் பட்டன. இந்தியப் போத்தல்களில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அந்தப் பொருள் சோதனை விலங்கைக் கொல்ல எவ்வளவு போதும் என்ற அளவை வைத்துத் தீட்டப்படுபவை. கொல்லாமல் கண்ணைக் கெடுக்கும் பொருளை அந்த நிறம் காட்டிக்கொடுக்காது. நிறம் சாந்தமாக இருப்பதை நம்பிக் கையுறையில்லாமல் தொடுகிறவரை எப்படிக் குற்றம் சொல்வது?

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பீடைகொல்லிகள் பதிவாளர் இருக்கிறார். பதிவு செய்யாத பொருள் கடைக்கு வரக் கூடாது. அந்தக் கட்டமைப்பு உண்மையில் வேலை செய்ததற்குப் பரகுவாற்றே சாட்சி. ஆனாலும் ஆய்வுகூடத்தின் முடிவு பதிவாளரின் கோப்புக்கு வருகிறது, கோப்பிலிருந்து லேபலுக்கு வருகிறது, லேபலில் கடுகளவு எழுத்தாகச் சுருங்கி நின்றுவிடுகிறது. போத்தலை வாங்குகிறவர் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். விசிறுகிறவர் கூலிக்கு வந்தவர். தாங்கியில் ஊற்றிய பின் போத்தல் வரம்பில் கிடக்கும். தட்டில் வளர்த்த தோல் இறந்து சொன்ன உண்மை, உயிருள்ள தோலுக்குச் சில முழத் தூரத்தில் வந்து நின்றுபோகிறது.

“கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நீண்ட பூட்ஸ்” என்று லேபல் சொல்லும். சேற்று வயலில் பூட்ஸோடு பத்தடி நடந்தவருக்குத் தெரியும், கால் புதைந்துபோகும். வெயிலில் கண்ணாடி வியர்த்து வரம்பே தெரியாது. இது விவசாயியின் அலட்சியம் என்று சொல்வது எளிது. உலக உணவு, விவசாய அமைப்பின் பீடைகொல்லி நடத்தைக் கோவை அப்படிச் சொல்லவில்லை. அணிய வசதியற்ற, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வெப்பநாட்டுச் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளரும் பயன்படுத்தும் இடத்தில் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. உடைக்கேற்ப மனிதரை மாற்றப் பார்க்காதே, மனிதருக்கேற்ற பொருளைத் தேர்ந்தெடு என்பதே அதன் சாரம். இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பிறகும் பழியை விசிறுகிறவர் தலையில் போடுவது அநியாயம்.

இத்தனையும் யோசித்துக்கொண்டு வரும்போது ஓர் உண்மை எனக்குத் துலங்குகிறது. சோதிக்கப்படாத இரசாயனம் என்று உலகில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ, எவருடைய உடம்பிலோ சோதிக்கப்பட்டே தீரும். ஆய்வுகூடம் கேட்காத கேள்வியை வயல் கேட்கும். ஆய்வுகூடம் கேட்டுப் பதில் பெற்றும் வயலுக்குச் சொல்லாமல் விட்டால், வயல் அதே கேள்வியை மறுபடியும் முதலிலிருந்து கேட்கும். மனித சமூகத்தின் கையில் இருக்கும் தேர்வு ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சோதனை யார் தோலில் நடக்க வேண்டும்? முயலின் தோலில் வேண்டாம் என்று உலகம் முடிவெடுக்கத் தொடங்கியிருக்கிறது, சரியான முடிவு. விசிறுகிறவரின் தோலில் வேண்டாம் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. முயலுக்காவது பக்கத்தில் ஒருவர் நின்று ஒரு மணிக்கும் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் குறித்துவைத்தார். படுவான்கரையில் எரிந்த கண்ணைக் குறித்துவைத்தவர் யார்?

குறித்துவைப்பது பெரிய காரியமன்று. கிராமத்து மருந்தகத்தில் “கண் எரிவு” என்று எழுதும்போது, எந்த மருந்து, எப்போது விசிறியது, எதனோடு கலந்தது என்று இன்னும் மூன்று சொல் எழுதலாம். கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. விளைச்சலைக் கேட்கும் அதே மூச்சில் விசிறியவரின் கையையும் கண்ணையும் கேட்கலாம். மருந்துக் கடைக்காரர் போத்தலைக் கொடுக்கும்போது, இது கண்ணைக் கெடுக்கும் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லலாம்; கடுகெழுத்து செய்யாததை அது செய்யும். விசிறப் போகிறவர் சுத்தமான தண்ணீர் ஒரு கலன் வயலுக்குக் கொண்டுபோகலாம். கண்ணில் பட்டால் உடனே, இமையை விரித்துப் பிடித்து, பதினைந்து இருபது நிமிடம் ஓயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வைத்தியசாலைக்குப் போவது அதற்குப் பிறகுதான். வாய்க்கால் தண்ணீர் பக்கத்தில் ஓடினாலும், விசிறிய மருந்து கலந்த தண்ணீர் அது. போடியார் அந்தக் கலனையும், கசியாத தாங்கியையும், ஒரு மாற்றுச் சாரத்தையும் கூலியின் பகுதியாகவே கருத வேண்டும். இரக்கத்தின் பேரில் கேட்கவில்லை. பயிரைக் காக்கும் செலவில் ஒரு பகுதி இன்றுவரை விசிறுகிறவரின் தோலிலிருந்து வசூலாகிறது. அதைப் பணத்தால் செலுத்தச் சொல்வதுதான் நியாயம்.

ஆபத்தைப் பற்றிய அறிவு ஆபத்தைத் தொடும் கையின் உடைமை. கண்டுபிடித்தவரிடமும், காப்புரிமை பெற்றவரிடமும், கோப்பைப் பூட்டிவைத்தவரிடமும் அது இருக்கலாம். அவர்கள் அதற்குக் காவலர்கள், உரிமையாளர்கள் ஆகமாட்டார்கள். தில்லைப் பாலைப் பற்றி அறிந்த ஏழை விறகுவெட்டி அதைத் தன் ஊரிடமிருந்து மறைக்கவில்லை, விலைக்கும் விற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமூகம் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுசேர்த்த ஒன்றை, எல்லா வசதியும் பெற்ற நாம் ஒரு வரம்பைக் கடந்து கொண்டுசேர்க்கத் தவறுகிறோம். தோலைத் தட்டில் வளர்க்கத் தெரிந்த காலத்துக்கு ஓர் எச்சரிக்கையைத் தாங்கி சுமப்பவரின் காதில் போடத் தெரியாது என்று யாரும் நம்பப்போவதில்லை.

சோதனை முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை ஆய்வுகூடத்துக்கு இல்லை. கரடியனாற்று வயலில் தாங்கியைத் தோளில் ஏற்றும் மனிதர், தன் கையில் இருப்பது தன் தோலையும் கண்ணையும் என்ன செய்யும் என்று அறிந்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை வந்தால்தான் எந்தச் சோதனையும் முடியும். அதுவரை உலகில் எத்தனை மாற்று முறைகள் வந்தாலும், அந்த மனிதரே நம் சோதனை உயிர்.